முனியாண்டிக்கு மூச்சு வாங்கியது

போன வருஷத் திருவிழாவில், ஊர்வலம் பாதி வழி போனபோது, முனியாண்டி சாமிக்கு மூச்சு வாங்கியது.

சாமிக்கு மூச்சு வாங்குமா என்று கேட்பீர்கள். போர்ட் கிள்ளானில் எல்லாரும் அதைத்தான் கேட்டார்கள். கன்டெய்னர் கிடங்குகளுக்குப் பக்கத்தில், லோரிகள் திரும்புகிற முனையில் இருக்கிற சின்னக் கோயில் எங்களுடையது. புது லோரி வாங்கியவர்கள் சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைக்க அங்கேதான் வருவார்கள். வருஷத்துக்கு ஒரு திருவிழா. அன்றைக்கு உருமி மேளம் சூடு பிடித்தால் என் வீட்டுக்காரர் கலியமூர்த்தி மேல் முனியாண்டி இறங்குவார். லோரி ஓட்டிக்கொண்டிருந்த காலத்திலிருந்தே அவர் மேல்தான் இறங்குகிறார். அரிவாளை ஓங்கி, சுருட்டைப் பற்றவைத்து, கோயிலிலிருந்து ரயில் நிலையம் வரைக்கும் ஆடிக்கொண்டே போய், அதே வேகத்தில் திரும்பி வந்து, நாலு பேருக்குக் குறி சொல்லிவிட்டுத்தான் மலையேறுவார்.

அப்போது ஆடுவது அவரா சாமியா என்று நான் கேட்டதே இல்லை. கல்யாணமான புதிதில் கேட்க நினைத்தேன். சாமிதான் என்று சொன்னால் பக்கத்தில் படுக்கப் பயமாக இருக்கும். இல்லை என்று சொன்னால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் வந்தால் வீடு தாங்காது. அதனால் கேட்காமலே காலத்தை ஓட்டிவிட்டேன்.

போன வருஷம் ரயில் நிலையம் கண்ணுக்குத் தெரிகிற தூரத்தில் முனியாண்டி நின்றார். குனிந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டார். பிறகு ஒரு சாப்பாட்டுக் கடை வாசலில் கிடந்த சிவப்பு பிளாஸ்டிக் நாற்காலியில் தொப்பென்று உட்கார்ந்து, "ஒரு ஹன்ட்ரட் பிளஸ் குடுங்கடா" என்றார்.

உருமி அடிக்கிறவர்கள் அடிப்பதா நிறுத்துவதா என்று தெரியாமல் கோயில் தலைவர் கன்னையாவைப் பார்த்தார்கள். கன்னையா ரிட்டயரான தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியர். சாமி சொல்வதை ஜனங்களுக்கு விளக்கிச் சொல்வது அவர் வேலை. சாமி தெளிவாகச் சொன்னாலும் அவர் விளக்குவார்.

"ஹன்ட்ரட்னா நூறு. பிளஸ்னா அதுக்கு மேல. அடுத்த வருஷம் நூறு குடும்பத்துக்கு மேல கோயிலுக்கு வந்து சேரும்னு சாமி வாக்கு குடுத்திருக்காரு" என்றார் கன்னையா.

எல்லாரும் கும்பிட்டார்கள். யாரோ ஓடிப்போய்க் குளிர்பானத்தையும் வாங்கி வந்தார்கள். ஆனால் கூட்டத்தின் ஓரத்தில் நின்ற தம்புசாமி மட்டும் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்ததை நான் பார்த்தேன். கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவன். ரொம்ப நாளாகவே அந்த அரிவாள் மேல் அவனுக்கு ஒரு கண்.

அடுத்த வாரமே கமிட்டிக் கூட்டத்தில் ஆரம்பித்துவிட்டான். "அண்ணன் மேல எனக்கு மரியாதை இருக்கு லா. ஆனா சாமி நாற்காலி தேடுனா நாளைக்கு நம்மள யாரு மதிப்பா?"

கூட்டத்தில் ஒரு முடிவு எடுத்தார்கள். அடுத்த திருவிழாவில் முனியாண்டி போய்த் திரும்புகிற வரைக்கும் எங்கேயும் உட்காரக் கூடாது. உட்கார்ந்தால் அரிவாள் தம்புசாமி கைக்குப் போய்விடும்.

வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரர் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். அவருக்கு அரிவாள் கவலை. எனக்கு அந்த அரிவாள் போனால் வாழைத்தார் வெட்ட வேறு ஒன்று வாங்கிக்கொள்ளலாம். நாற்காலியில் உட்கார்ந்தபோது அவர் முகம் இருந்த நிறம்தான் என் கண்ணைவிட்டுப் போகவில்லை. பதினைந்து வருஷமாக இனிப்புநீர், சர்க்கரை வியாதி உள்ள மனிதர். தேங்காய் வாங்கி வரச் சொன்னால், எட்டிப்பிடிக்கிற தூரத்தில் இருக்கும் கடைக்குக் காரை எடுக்கிறவர். சாமிக்காக ஒரு நாள் ஆடுவார், மற்ற நாளெல்லாம் சோபாவை விட்டு எழுந்திருக்க மாட்டார். மறுநாளே அரசாங்க கிளினிக்குக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

டாக்டர் மார்பில் ஒயர்களை ஒட்டிப் பார்த்தார். இன்னொரு நாள் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பி ஓடுகிற மெஷின் மேல் நடக்கவைத்தும் பார்த்தார்கள். இதயம் இப்போதைக்குச் சமாளிக்கிறது, இப்படியே உட்கார்ந்திருந்தால் சமாளிக்காது என்றார்கள். உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிற பிள்ளையிடம் அனுப்பினார்கள். பெயர் விஷ்ணுப்ரியா. பேச்சில் ஒளிவு மறைவு கிடையாது.

"அங்கிள், சிகரெட் உண்டா?"

"நான் குடிக்கிறதில்ல. அவரு குடிப்பாரு. சுருட்டு. வருஷத்துல ஒரு நாள்தான்."

"யாரு அவரு?"

"முனியாண்டி."

விஷ்ணுப்ரியா பேனாவைக் கீழே வைத்தாள். "சரி, அவரு குடிக்கட்டும். புகை யாரோட நுரையீரலுக்குப் போகுது?"

என் வீட்டுக்காரர் வாழ்க்கையில் முதல் தடவையாக யோசித்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பிச் சிரித்தேன்.

அவள் சொன்னதெல்லாம் எனக்கு மனப்பாடம். தினமும் வேகமாக நடக்க வேண்டும். நடக்கும்போது பேச முடிய வேண்டும், ஆனால் பாட முடியக் கூடாது. பாட முடிந்தால் வேகம் போதாது, பேசவே முடியாவிட்டால் வேகம் அதிகம். சர்க்கரை திடீரென்று இறங்கினால் போட்டுக்கொள்ளச் சட்டைப்பையில் மிட்டாய் இருக்க வேண்டும். நல்ல ஷூ போட வேண்டும். இனிப்புநீர்க்காரர்களுக்குக் கால் மரத்திருக்கும், கல் குத்தினாலும் தெரியாது, அதனால் தினமும் பாதத்தைப் பார்க்க வேண்டும்.

கடைசியாக ஒன்று சொன்னாள். அதைச் சொல்லும்போது அவள் சிரிக்கவில்லை. "கால் மாதிரித்தான் ஹார்ட்டும். ரொம்ப வருஷமா சுகர் இருக்கறவங்களுக்கு மாரடைப்பு வந்தாக்கூட நெஞ்சு வலிக்காமப் போகலாம். குளுந்து வேர்க்கும், மூச்சு வாங்கும், தாடை இழுக்கும், வாந்தி வரும். அப்ப உக்காந்து யோசிக்காதீங்க. உடனே ஆம்புலன்ஸுக்கு 999 அடிங்க."

நாங்கள் மருந்து வாங்கப் போனபோது, வரிசையில் ஒரு ஆள் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டிருந்தான். கவுன்டரில் இருந்த பெண் மைக்கில், "தம்புசாமி" என்று கூப்பிட்டாள். ஹெல்மெட் நகர்ந்தது.

"நீயுமாடா?" என்றார் என் வீட்டுக்காரர்.

ஹெல்மெட்டுக்குள்ளிருந்து குரல் வந்தது. "மாமியாருக்கு மருந்து வாங்க வந்தேண்ணே. எனக்கு லேசாத்தான் இருக்கு."

"உனக்கும் எக்சர்சைஸ் சொல்லியிருப்பாங்களே?"

"சாமியாடுறதவிடப் பெரிய எக்சர்சைஸ் என்னண்ணே இருக்கு" என்று சொல்லிவிட்டுப் பையை வாங்கிக்கொண்டு போய்விட்டான்.

அன்றைக்கு ஆரம்பித்தது எனக்குப் பிடித்த சனி. கிள்ளானில் நாங்கள் குடியிருக்கிற தாமானில், வீடுகளுக்குப் பின்னால் ஒரு திடல் இருக்கிறது. சாமியாடி ஷூ போட்டுக்கொண்டு நடப்பதை யாராவது பார்த்தால் மானம் போய்விடும் என்று அவர் விடியும் முன்னே போக வேண்டும் என்றார். நானும் கூடப் போனேன். விட்டால் திடல் ஓரத்து பெஞ்சில் உட்கார்ந்துவிட்டு வந்துவிடுவார் என்று எனக்குத் தெரியும். முதல் நாள் ஒரு சுற்று முடிவதற்குள் பழைய பாட்டு ஒன்றை முழுதாகப் பாடிவிட்டார். "பாட முடியுது, வேகம் பத்தாது" என்றேன். கொஞ்சம் எட்டிப் போட்டார். பல்லவியோடு பாட்டு நின்றது. இன்னும் எட்டிப் போட்டதும் என்னைத் திட்ட ஆரம்பித்தார். திட்ட முடிகிறது, பாட முடியவில்லை. விஷ்ணுப்ரியா சொன்ன வேகம் அதுதான் என்று பிடித்துக்கொண்டேன். அதற்குப் பிறகு தினமும் அவரைத் திட்டவைப்பது என் பொறுப்பானது. அது எனக்குக் கைவந்த கலை.

ஞாயிற்றுக்கிழமைகளில் அதே திடலில் மலாய்க்காரப் பெண்கள் ஸ்பீக்கர் வைத்து செனாம்ரோபிக் ஆடுவார்கள். பாட்டுக்கு ஏற்றபடி கையையும் காலையும் வீசுகிற உடற்பயிற்சி. ஒரு ஞாயிறு அந்தப் பாட்டில் மேளச் சத்தம் கொஞ்சம் ஓங்கி வந்தது. என் வீட்டுக்காரர் கால் தானாகத் திரும்பியது. போய்க் கடைசி வரிசையில் நின்றார். எல்லாரும் வலது பக்கம் போனால் இவர் ஒரு காலைத் தூக்கிச் சுழன்று, இல்லாத அரிவாளை ஓங்கினார். சொல்லிக்கொடுக்கிற பெண் பாட்டை நிறுத்தினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அவளோ, "பாகுஸ், பாக்சிக்" என்று சொல்லி, நல்லா இருக்கு அங்கிள் என்று கட்டைவிரலைக் காட்டி, இவரை முன்வரிசைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு மாதத்தில் அந்தத் திடலில் இருந்த அத்தனை பெண்களும் முனியாண்டி ஆட்டம் ஆடினார்கள். என்ன ஆட்டம் என்று கேட்டவர்களுக்கு, ஹெவி வெஹிக்கிள் ஓட்டுநர்களுக்கான பயிற்சி என்று சொல்லிவைத்திருந்தார்.

ராத்திரி படுக்கப் போகும்முன் கட்டிலில் காலை நீட்டுவார். நான் டார்ச் அடித்துப் பாதத்தைப் பார்ப்பேன். "ஊரே இந்தக் காலுல விழுது, நீ கொப்புளம் தேடுற" என்பார். "விழுறவங்க யாரும் தேட மாட்டாங்க, அதான் நான் தேடுறேன்" என்பேன்.

திருவிழா நெருங்கியபோது இடுப்புப் பட்டையில் ஒரு ஓட்டை உள்ளே போயிருந்தார். கிளினிக்கில் ரத்தத்தைப் பார்த்துவிட்டு டாக்டர் இரண்டு தடவை பேரைச் சரிபார்த்தார். விஷ்ணுப்ரியா ஆட அனுமதி கொடுத்தாள். ஆனால் இரண்டு நிபந்தனை. வெறுங்காலோடு தார் ரோட்டில் ஆடக் கூடாது, சுருட்டில் நெருப்பு இருக்கக் கூடாது.

திருவிழா அன்று சாயங்காலம், உருமி உறும ஆரம்பித்ததும், முனியாண்டி வெள்ளை விளையாட்டு ஷூவோடு இறங்கினார். வாயில் பற்றவைக்காத சுருட்டு. கூட்டம் ஷூவையே பார்த்தது. கன்னையா ஒரு நிமிஷம் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"முனியாண்டி காவல் தெய்வம். காவக்காரன் ஷூ போடாம எப்படிக் காவல் காப்பான்?"

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது. நெருப்பில்லாத சுருட்டுக்கு அவர் என்ன விளக்கம் வைத்திருந்தார் என்று தெரியவில்லை. யாரும் கேட்கவில்லை.

என்ன ஆட்டம் ஆடினார் தெரியுமா. ரயில் நிலையம் வரைக்கும் போனார். போன வருஷம் உட்கார்ந்த நாற்காலியை அந்தக் கடைக்காரர் பயந்து உள்ளே எடுத்துவைத்திருந்தார். முனியாண்டி அதைத் தேடக்கூட இல்லை. திரும்பி வரும்போதும் அதே எட்டு. பக்கத்திலேயே நடந்து முகத்தைப் பார்த்துக்கொண்டு வந்தேன். நிறம் சரியாக இருந்தது. எனக்குப் பெருமையாக இருந்தது, அதைச் சொல்ல என்ன வெட்கம்.

தம்புசாமிக்குத் தாங்கவில்லை. கோயில் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் சட்டையைக் கழற்றி எறிந்தான். "மதுரைவீரன் வந்திருக்கேண்டா" என்று கத்திக்கொண்டு ஊர்வலத்தின் நடுவில் குதித்தான். உருமிக்காரர்களுக்குக் கொண்டாட்டம். இரண்டு சாமி ஒரே நேரத்தில் ஆடி அவர்கள் பார்த்ததில்லை. அடியைக் கூட்டினார்கள். முனியாண்டி ஒரு சுற்றுச் சுற்றினால் மதுரைவீரன் இரண்டு சுற்றுச் சுற்றினார். முனியாண்டி எட்டிக் குதித்தால் மதுரைவீரன் அதைவிட எட்டிக் குதித்தார்.

கோயில் வாசலில் வந்து தம்புசாமி தடுமாறினான். முகம் சாம்பல் பூத்துப்போனது. தண்ணீரில் முக்கி எடுத்தது போல் வேர்வை. ஒரு கையால் தாடையைப் பிடித்துக்கொண்டு தரையில் மண்டியிட்டு வாந்தி எடுத்தான்.

"மதுரைவீரன் உக்கிரமா இருக்காரு. அடியைக் கூட்டுங்க" என்றார் கன்னையா. யாரோ மஞ்சத்தண்ணியைத் தலையில் ஊற்றினார்கள். யாரோ எலுமிச்சம்பழத்தை அறுத்துக் கண்ணில் தேய்த்தார்கள். பெண்கள் குலவை போட்டார்கள்.

முனியாண்டி ஆட்டத்தை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தார். பிறகு அரிவாளை நீட்டி, சாமிக் குரலில், "நிறுத்துங்கடா மேளத்தை. இவனை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கடா" என்றார்.

மேளம் நின்றது. எல்லாரும் கன்னையாவைப் பார்த்தார்கள்.

"ஆஸ்பத்திரின்னா நோய் தீர்க்குற இடம்" என்றார் கன்னையா. "நம்ம நோய் தீர்க்குற இடம் எது? இந்த சன்னதி. மதுரைவீரனை சன்னதிக்குள்ள கொண்டுவரச் சொல்றாரு."

தம்புசாமியைத் தூக்கி நிறுத்திச் சன்னதிக்கு நடத்தப் போனார்கள். அவன் கால் இழுபட்டது. என் வீட்டுக்காரர் அரிவாளைக் கீழே போட்டார். வாயிலிருந்த சுருட்டைத் துப்பினார். நெற்றியில் இருந்த விபூதியைப் புறங்கையால் துடைத்தார். அந்த அரிவாளுக்காக அவர் எத்தனை விடியற்காலை என்னைத் திட்டிக்கொண்டே நடந்தார் என்று எனக்கு மட்டும்தான் தெரியும்.

"கன்னையாண்ணே, நான் கலியமூர்த்தி பேசுறேன். சாமி இல்ல, நான்தான். இவனுக்கு ஹார்ட் அட்டாக். போன் அடிங்க."

கன்னையா இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். "முனியாண்டி மலையேறிட்டாரு. மூர்த்திக்கு ஒரு நாற்காலி போட்டுத் தண்ணி குடுங்க."

நாற்காலி வந்தது. என் வீட்டுக்காரரைத் தோளைப் பிடித்து அழுத்தி உட்காரவைத்து, வாயில் தண்ணீரை ஊற்றினார்கள். பேச வாய் திறந்தால் இன்னும் கொஞ்சம் ஊற்றினார்கள். சாமியாகச் சொன்னபோது விளக்கம் சொன்னார்கள். மனிதனாகச் சொன்னபோது மயக்கம் தெளியவில்லை என்றார்கள். மதுரைவீரன் தம்புசாமி மேல் இருக்கும்போது ஒரு மனிதன் பேச்சைக் கேட்டு அவரை யார் ஆஸ்பத்திரியில் சேர்ப்பார்கள்? என் போனைத் தேடினேன். வைத்திருந்த பையோடு எங்கள் காரில் இருந்தது. கார் ரயில் நிலையத்துப் பக்கம் நின்றது.

தம்புசாமி என்னைப் பார்த்தான். அந்தக் கண்ணில் சாமியும் இல்லை, வம்பும் இல்லை. பயந்துபோன ஒரு ஆள் இருந்தான். போன வருஷம் அந்தச் சிவப்பு நாற்காலியில் நான் பார்த்த அதே கண்.

அப்போது என் கொண்டை அவிழ்ந்தது.

என் தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வந்தது. நான் பள்ளிக்கூடக் கேன்டீனில் சமைக்கிறவள். பிள்ளைகள் வரிசையைக் கலைத்துத் தள்ளிக்கொள்ளும்போது எனக்கு ஒரு குரல் வரும், கூரைத் தகடு அதிரும். அதைவிடப் பெரிய குரல் இது. குலவை போட்ட பெண்கள் நாலு அடி பின்னால் போனார்கள்.

"தாயி, யாரு தாயி வந்திருக்கறது?" என்றார் கன்னையா.

"யாருன்னு தெரிஞ்சாத்தான் போன் அடிப்பியா? அடிடா 999-க்கு."

"அம்மா என்ன சொல்றாங்கன்னா..." என்று கன்னையா கூட்டத்துப் பக்கம் திரும்பினார்.

"நீ ஒண்ணும் சொல்ல வேணாம். நான் சொன்னது சொன்னதுதான். ஆம்புலன்ஸ்னா ஆம்புலன்ஸ். அவனை உக்கார வை. நடக்க விடாத. காத்து வரட்டும், எல்லாரும் தள்ளி நில்லுங்க. இன்னொரு எலுமிச்சம்பழம் அறுத்தா அறுத்தவன் கை இருக்காது."

ஒரே நேரத்தில் பத்துப் பதினைந்து போன்கள் 999-க்கு அடித்தன. எதிர்முனையில் இருந்தவர் யார் ஆம்புலன்ஸ் கேட்கச் சொன்னது என்று விசாரித்திருப்பார் போல. "அம்மன்" என்று ஒரு பையன் பணிவாகப் பதில் சொன்னது என் காதில் விழுந்தது.

"தாயி, ஒரு சூடம் மட்டும் காட்டிக்கட்டுமா?" என்று கன்னையா கெஞ்சினார். நான் பார்த்த பார்வையில் சூடத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

ஆம்புலன்ஸ் வந்தது. இறங்கிய மலாய்க்கார இளைஞன் சுற்றிப் பார்த்தான். மஞ்சளில் நனைந்து உட்கார்ந்திருக்கும் ஒருவன். நாற்காலியில் விளையாட்டு ஷூவும் ஈரச் சட்டையுமாக இன்னொருவர். தலைவிரி கோலமாகக் கண்ணை உருட்டிக்கொண்டு நான். அவன் நேராக ஸ்ட்ரெச்சரை என்னிடம் தள்ளிக்கொண்டு வந்து, தோளில் கைவைத்து, படுக்கச் சொன்னான்.

"புக்கான் சாயா. டியா" என்றேன், நான் இல்லை அவன் என்று தம்புசாமியைக் காட்டி. அம்மனுக்கு மலாய் தெரிந்திருந்ததை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. இந்த ஊரில் இருக்கிற அம்மனுக்குத் தெரியாமல் போகுமா.

தம்புசாமி பிழைத்துக்கொண்டான். இதயத்துக்குப் போகிற குழாய் ஒன்று அடைத்திருந்ததாம். கம்பிவலை வைத்துத் திறந்தார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் காரியம் கைமீறியிருக்கும் என்றார் டாக்டர். நாங்கள் பார்க்கப் போனபோது படுக்கையிலிருந்தே என்னைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"அக்கான்னு கூப்பிட பயமா இருக்கு" என்றான். பிறகு சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினான். "எனக்கு நெஞ்சே வலிக்கலக்கா. வேர்த்துச்சு, கை நடுங்குச்சு, கண்ணு இருண்டுச்சு. சாமி வந்தா அப்படித்தான் இருக்கும்னு சொல்வாங்கல்ல. சரி, இந்த வாட்டி மதுரைவீரன் உண்மையாவே வந்துட்டாருன்னு நெனச்சேன். சந்தோஷமாக்கூட இருந்துச்சு."

என் வீட்டுக்காரர் போர்வையை இழுத்து அவன் காலை மூடிவிட்டார். மூடுவதற்கு முன் பாதத்தைத் திருப்பிப் பார்த்ததை நான் கவனித்தேன்.

கமிட்டி கூடியது. முனியாண்டி கோயில் வாசல் தாண்டாமலே மலையேறிவிட்டதால் ஊர்வலம் முடிந்ததாகக் கணக்கில் வராது என்றார்கள். மதுரைவீரன் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அதனால் அடுத்த வருஷம் அம்மன்தான் ஊர்வலத்தின் முன்னால் வர வேண்டும் என்று முடிவெடுத்து, கன்னையா தாம்பூலத் தட்டோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தட்டை வைத்துவிட்டு என்னிடம் எதையும் விளக்காமல் போனது அதுதான் முதல் தடவை.

என் வீட்டுக்காரர் அன்றைக்கு ஷூவைத் துடைத்து அட்டைப்பெட்டியில் போட்டு அலமாரி மேல் வைத்தார். மறுநாள் விடியும் முன் எழுப்பினேன். எழுந்திருக்கவில்லை. அதற்கு மறுநாளும் அப்படியே.

"இனிமே எதுக்கு நடக்கணும்?" என்றார் சோபாவிலிருந்து. "ஆடுறதுக்குத்தான் ஆளு மாறிப்போச்சே."

திட்டிப் பார்த்தேன். கெஞ்சியும் பார்த்தேன், எனக்கு வராத வேலை அது. எதற்கும் அசையவில்லை. தேங்காய் வாங்கக் கார் எடுக்க ஆரம்பித்துவிட்டார். அவர் தூங்கும்போது பக்கத்தில் படுத்து மூச்சைக் கேட்டுக்கொண்டிருந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. தம்புசாமியைச் சுற்றியாவது ஒரு திருவிழாக் கூட்டம் இருந்தது. இந்த மனிதர் சோபாவில் ஓசைப்படாமல் வேர்த்தால் யாருக்குத் தெரியும்? வேலைக்குப் போனாலும் மனசு அந்தச் சோபா பக்கத்திலேயே நின்றது.

ஒரு காலை காப்பி கொடுக்கும்போது என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"தாமரை."

"என்ன?"

"ஒண்ணு கேக்கணும். கோவிச்சுக்காத. அன்னைக்கு... உண்மையாவே வந்துச்சா?"

கப்பைக் கீழே வைத்தேன். எத்தனை வருஷமாக என் வாய்க்குள்ளேயே கிடந்த கேள்வி, அவர் வாயிலிருந்து வந்தது. சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் விழுங்கிவிட்டு, அலமாரி மேலிருந்து பெட்டியை இறக்கி அவர் காலடியில் வைத்தேன்.

"ஷூவைப் போடுங்க. நடந்துக்கிட்டே சொல்றேன்."

போட்டார். திடலுக்குப் போனோம். முதல் சுற்றில் கேட்டார். "இவ்வளவு நல்லாப் பேச முடியுதே, வேகம் பத்தல" என்றேன். இரண்டாவது சுற்றில் மூச்சுக்கு நடுவில் கேட்டார். "அடுத்த சுத்துல" என்றேன். வீட்டு வாசலுக்கு வந்ததும் கேட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். "நேரமாயிடுச்சு, கேன்டீனுக்குப் போகணும். நாளைக்குச் சொல்றேன்" என்றேன்.

மறுநாள் நான் எழுப்பாமலே எழுந்துவிட்டார். அன்றைக்கும் நாளைக்கு என்றேன். இப்படியே போகிறது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி வகுப்பை முடித்துவிட்ட தம்புசாமியும் இப்போது ஹெல்மெட் இல்லாமல் வந்து எங்கள் பின்னால் நடக்கிறான். பதில் தன் காதிலும் விழட்டும் என்றுதான் வருகிறான், எனக்குத் தெரியும்.

நேற்று நடக்கும்போது அவர் கேட்கவே இல்லை. ஒரு சுற்று முழுக்கப் பேசாமல் வந்தார். கேட்டு அலுத்துவிட்டதோ, நாளைக்கு வராமல் போய்விடுவாரோ என்று எனக்குத் திக்கென்றது. அந்தப் பதற்றத்தில்தான் என் வாயிலிருந்து அது விழுந்தது.

"சரி, உங்களுக்கு? இத்தனை வருஷமா உங்க மேல வந்தது உண்மையா?"

அவர் நின்றார். திரும்பி என்னைப் பார்த்தார். முகத்தின் நிறம் நன்றாக இருந்தது. மெதுவாகச் சிரித்தார்.

"நாளைக்குச் சொல்றேன்" என்று சொல்லிவிட்டு எட்டி நடந்தார். நான் கூப்பிட்டும் நிற்கவில்லை. தம்புசாமிகூட என்னைத் தாண்டிப் போனான். பின்னால் ஓட்டமும் நடையுமாகப் போன எனக்கு நன்றாக மூச்சு வாங்கியது.